பிஸ்கட் என்பது எது?

தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று எங்கள் பௌதிகத் துறை அறைக்கு ஒரு தகர டப்பா வந்து சேர்ந்தது. உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் வீட்டில் செய்து கொண்டுவந்த பலகாரம். மைதாவில் சர்க்கரையும் கொஞ்சம் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்திபோல் தேய்த்து, கத்தியால் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, எண்ணெயில் பொரித்து எடுத்தது. நீங்களும் தின்றிருப்பீர்கள்.

கொண்டுவந்தவர் அதை 'மைதா பிஸ்கட்' என்றார். நாகர்கோவில்காரர் ஒருவர், "இது கலகலா அல்லவா? எங்கள் வீட்டில் கிறிஸ்துமசுக்குச் செய்வோமே!" என்றார். மும்பையில் வளர்ந்த இன்னொருவர், அங்கே இதற்கு 'சங்கர்பாளி' என்று பெயர் என்றார். ஆய்வுக்கூட உதவியாளர், "துக்கடா சார் இது" என்று ஒரே போடாகப் போட்டார். நானோ சிறுவயதில் இதையே 'டைமண்ட் பிஸ்கட்' என்று கேட்டு வாங்கித் தின்றவன். ஐந்து பேர், ஐந்து பெயர். அப்புறம் ஒரு கேள்வியும் எழுந்தது: எண்ணெயில் பொரித்ததைப் பிஸ்கட் என்று சொல்லலாமா? சுட்டால்தானே பிஸ்கட்?

வாதம் முடியுமுன் மணி அடித்துவிட்டது. டப்பாவை யாரோ சரியாக மூடவில்லை. வெளியே ஐப்பசி மழை. மூன்றாம் நாள் திறந்து ஒரு துண்டை வாயில் போட்ட எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம்: "நமுத்துப் போய்விட்டது!"

பொருளுக்கு ஐந்து பெயர். அதற்கு நேர்ந்த கதிக்கு ஒரே பெயர். பிஸ்கட் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை, அந்த ஐந்து பெயர்களில் இருப்பதைவிட இந்த ஒரு சொல்லில்தான் அதிகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடுவோம். 'பிஸ்கட்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'பிஸ்' என்றால் இரண்டு முறை. 'கோக்டுஸ்' என்றால் சமைக்கப்பட்டது. இரண்டு முறை சமைத்தது என்று பொருள். ஜெர்மானியர் 'ட்ஸ்வீபாக்' என்கிறார்கள்; அதற்கும் 'இருமுறை சுட்டது' என்றே பொருள். தமிழில் 'ஈரட்டி' என்று ஒரு சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். அடுதல் என்றால் சமைத்தல்; இருமுறை அட்டது ஈரட்டி. 'மாச்சில்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. முன்னது செய்முறையைச் சொல்கிறது. பின்னது கேட்டவுடனே மாவாலான சில்லு ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது.

லத்தீன்வழிச் சொல் நம்மிடம் இரண்டு தடவை வந்தது என்பது ஒரு வேடிக்கை. முதலில் போர்ச்சுகீசியர் 'பிஸ்கொய்து' என்று கொண்டுவந்தார்கள். அது நம் நாவில் 'பிஸ்கோத்து' ஆயிற்று. இலங்கைத் தமிழில் 'விசுக்கோத்து'. ரொட்டியை இலங்கையில் 'பாண்' என்பதும் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றதுதான். பிறகு ஆங்கிலேயர் வழியாக 'பிஸ்கட்' வந்தது. புதியது வந்ததும் பழையதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. இன்று 'பிஸ்கோத்து' என்றால் அற்பம் என்று பொருள் கொள்கிறோம், பாவம்!

அது போகட்டும், எதற்காக இரண்டு முறை சுட்டார்கள்? தண்ணீரை வெளியேற்றத்தான். அடுப்பில் வைத்த மாவின் மேற்பரப்பு விரைவில் காய்ந்துவிடும். ஆனால் நடுவிலிருக்கும் நீர் மூலக்கூறுகள் மெல்ல விரவி மேற்பரப்புக்கு வந்துதான் வெளியேற வேண்டும். இப்படி விரவுவதற்கு ஆகும் நேரம் தடிப்பின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு! ஒரு முழு ரொட்டியை உள்வரை உலர்த்தும்வரை அடுப்பில் வைத்தால் வெளிப்புறம் கரியாகிவிடும். ஆகவே ஒருமுறை சுட்டு, துண்டு போட்டு, மிதமான சூட்டில் மறுபடி உலர்த்தினார்கள். மாதக்கணக்கில் கடலில் செல்லும் மாலுமிகளுக்கு இதுதான் உணவு. பிரிட்டிஷ் கடற்படையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பிஸ்கட் என்று அளந்து கொடுத்தார்கள். அது கல்போல் இருக்கும். ஊறவைத்துத் தின்ன வேண்டும்.

இன்று நாம் தின்னும் பிஸ்கட் சில மில்லிமீட்டர் தடிப்புதான். மேலே சொன்ன விதிப்படி, ஒரே முறை சுட்டாலே உள்வரை உலர்ந்துவிடும். ஆகவே ஒரு முறை சுட்டதற்கு 'இருமுறை சுட்டது' என்று பெயர். சரி, இன்றைக்கு உண்மையிலேயே இரண்டு முறை சுடப்படுவது எது? ரஸ்க்! ரொட்டியைச் சுட்டு, துண்டு போட்டு, மறுபடி சுடுகிறார்கள். ஆனால் 'ரஸ்க்' என்ற சொல்லோ 'முறுக்கு, திருகு' என்று பொருள்படும் 'ரோஸ்கா' என்ற ஸ்பானிய, போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பெயரை நம்பிப் பொருளை வாங்கினால் என்ன ஆகும் பாருங்கள்.

நாடு விட்டு நாடு போனால் குழப்பம் இன்னும் கூடும். அமெரிக்காவில் காலை உணவுக்கு 'பிஸ்கட்' கேட்டால், சோடா உப்போ பேக்கிங் பவுடரோ சேர்த்துச் சுட்ட, மிருதுவான சிறிய ரொட்டி ஒன்று குழம்போடு வரும். நம் பிஸ்கட் அவர்களுக்கு 'குக்கி'. இது டச்சுக்காரர்களின் 'கூக்கியெ' என்ற சொல். 'சின்னக் கேக்' என்று பொருள். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து பால்சென் நிறுவனம் தன் பிஸ்கட்டுக்கு ஆங்கிலத்தில் 'கேக்ஸ்' என்று பெயரிட்டது. ஜெர்மானியருக்கு அதைச் சரியாக வாசிக்க வரவில்லை. 1911இல் எழுத்தையே மாற்றி 'கேக்ஸ்' என்று தங்கள் மொழி முறைப்படி எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் பன்மையாக இருந்த சொல் ஜெர்மனில் ஒருமையாயிற்று. கேக்கைக் குறித்த சொல் பிஸ்கட்டைக் குறிக்கலாயிற்று. நம் வீடுகளில் செய்யும் நான்கட்டாயில் வரும் 'நான்' பாரசீகத்தில் ரொட்டி. சங்கர்பாளியின் வடக்கத்திய உறவினரான 'ஷக்கர்பாரா'வில் இருப்பது சர்க்கரை. துக்கடா என்பது வெறும் 'துண்டு'.

செய்முறை, பண்டம், வடிவம் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சுவழக்கில் இதனால் நஷ்டமில்லை. ஆனால் பெயரில் பணம் சம்பந்தப்பட்டால்?

அப்படி ஒரு வழக்கே நடந்தது. பிரிட்டனில் 'ஜாஃபா கேக்' என்று ஒரு தின்பண்டம் உண்டு. 1927 முதல் விற்கிறார்கள். சின்ன வட்டம், அடியில் மெத்தென்ற மாவுப்பகுதி, நடுவே ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட். அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டப்படி கேக்குக்கு வரி கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கோ முழு வரி உண்டு. பெயரில்தான் கேக், கடையில் பிஸ்கட் அடுக்கில்தான் இருக்கிறது, அளவும் பிஸ்கட் அளவு என்று வரித்துறை வாதாடியது. 1991இல் தீர்ப்பாயம் பல அம்சங்களை எடைபோட்டது. பெயருக்கு அவர்கள் அதிக மதிப்புக் கொடுக்கவில்லை. கவனித்தவற்றுள் ஒன்று, திறந்து வைத்தால் அந்தப் பண்டம் என்ன ஆகிறது என்பது. பிஸ்கட் பழசானால் மெத்தென்றாகும். கேக் பழசானால் கெட்டியாகும். ஜாஃபா கேக் கெட்டியானது. அது கேக்தான் என்று தீர்ப்பாயிற்று.

வக்கீல்கள் பௌதிகத்தின் துணையை நாடிய அருமையான இடம் இது. அந்தச் சோதனைக்குப் பின்னால் இருக்கும் தத்துவத்தைப் பார்ப்போம்.

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. ஒரு வெப்பநிலையில் காற்று தெவிட்டுவதற்கு எவ்வளவு நீராவி தேவையோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். மழைக்காலக் காலை நேரங்களில் சென்னையில் இது 80, 90 சதவீதம் இருப்பது சாதாரணம். இனி, ஒவ்வொரு உணவுப் பொருளுக்கும் தனக்கு ஒத்த ஒரு ஈரப்பதம் உண்டு. சுற்றிலுமுள்ள காற்று அதைவிட உலர்ந்திருந்தால் பொருள் நீரை இழக்கும். அதைவிட ஈரமாக இருந்தால் நீரை ஏற்கும். அப்போதுதான் செய்த பிஸ்கட்டுக்கு இந்த எண் 30 சதவீதத்துக்கும் குறைவு. ரொட்டிக்கு ஏறத்தாழ 95. நூறு கிராம் ரொட்டியில் 35 முதல் 40 கிராம்வரை தண்ணீர் இருக்கிறது. பிஸ்கட்டில் பெரும்பாலும் 5 கிராமுக்கும் குறைவு.

இப்போது அறையின் காற்று 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 95இல் இருக்கும் ரொட்டி காற்றுக்கு நீர் கொடுக்கிறது. 30இல் இருக்கும் பிஸ்கட் காற்றிடமிருந்து நீர் வாங்குகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல்தான். ஒரே அறையில் இரண்டும் எதிர்எதிர்த் திசையில் போகின்றன. ஆங்கிலத்தில் பழைய ரொட்டிக்கும் பழைய பிஸ்கட்டுக்கும் 'ஸ்டேல்' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. நாமோ ரொட்டியைக் 'காய்ந்துபோய்விட்டது' என்கிறோம். பிஸ்கட்டை 'நமுத்துவிட்டது' என்கிறோம். நீர் எந்தத் திசையில் போயிற்று என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பெயர் வைப்பதில் ஐந்து விதமாகப் பிரிந்த நாங்கள் இதில் ஒன்றுபட்டது ஏனென்று இப்போது புரிந்திருக்கும்.

(அந்தத் தீர்ப்பாயம் சென்னையில் மழைக்காலத்தில் கூடியிருந்தால் சற்றுத் திண்டாடியிருக்கும். சர்க்கரை அதிகமுள்ள கேக்கின் எண் 80ஐ ஒட்டியே இருக்கும். 90 சதவீத ஈரக்காற்றில் அது நீரை இழக்க வழியே இல்லை!)

நீர் ஏறினால் ஏன் மெத்தென்றாக வேண்டும்? கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு திண்மம். ஆனால் உப்புப் படிகத்தில் இருப்பதுபோல அதன் மூலக்கூறுகள் ஒழுங்கான வரிசையில் நிற்பதில்லை. பாகு குளிரும்போது ஒழுங்குபடுவதற்குமுன் அப்படியே உறைந்து நின்றுவிட்டவை அவை. பிஸ்கட்டில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதியும் மாச்சத்தும் இதே கண்ணாடி நிலையில் இருக்கின்றன. கண்ணாடி வளையாது, முறியும். கடிக்கும்போது விரிசல் சடாரென்று ஓடுகிறது. அதுவரை பல்லின் அழுத்தத்தால் சேர்ந்திருந்த ஆற்றலில் ஒரு பகுதி ஒலியாக வெளிப்படுகிறது. மொறுமொறுப்பு என்று நாம் சொல்வதில் பாதி காதுக்குத்தான்.

கண்ணாடியைச் சூடேற்றினால் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகும். முழுக்க உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடி 60, 70 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். அதற்குள் கொஞ்சம் நீர் புகுந்தால்? சிறிய நீர் மூலக்கூறுகள் பெரிய மூலக்கூறுகளுக்கிடையே நுழைந்து அவை நகர்வதற்கு இடம் கொடுக்கின்றன. இளகும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது. சில சதவீத நீர் ஏறினாலே அது அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும். பிறகு விரிசல் ஓடாது. கடித்தால் பொருள் இழுபடும். பெரும்பாலான பிஸ்கட்டுகளுக்கு, காற்றின் ஈரப்பதம் 40, 50 சதவீதத்தைத் தாண்டினாலே இந்த ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் கடலை மிட்டாய் பிசுபிசுப்பதும், பொரித்த அப்பளம் துவள்வதும் இதே கதைதான்.

அடுப்படியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சில விஷயங்கள் இப்போது விளங்கும். மைதாத் துண்டை எண்ணெயில் போட்டதும் சலசலவென்று குமிழ்கள் எழும். கொதிப்பது எண்ணெய் அல்ல. எண்ணெய் அங்கே 170, 180 டிகிரியில் இருந்தாலும் அது கொதிப்பதற்கு இன்னும் வெகுதூரம். மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதைத்தான் குமிழ்களாகப் பார்க்கிறோம். சலசலப்பு அடங்கினால் எடுக்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். நீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். வெந்நீர் அளவுக்கு மேல் சூடான அடுப்பாலும் எண்ணெயாலும் நீரை விரட்டுவதே இங்கு வேலை; சுட்டாலும் பொரித்தாலும் முடிவு ஒன்றுதான். ஆகவே மைதா பிஸ்கட்டைப் பிஸ்கட் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "அப்படியானால் முறுக்கும் பிஸ்கட்தானா?" என்று கேட்பீர்கள். நமுத்துப்போகும் சோதனை கேக்கையும் பிஸ்கட்டையும் பிரிக்கத்தான் உதவும்; முறுக்கை அடையாளம் காண நமக்குச் சோதனை தேவையில்லை.

இன்னொன்று: பிஸ்கட் அடுப்பிலிருந்து எடுத்தவுடன் வளையும், ஆறிய பிறகே மொறுமொறுக்கும். சூட்டில் இளகிய நிலையிலிருந்து கண்ணாடி நிலைக்கு வர அதற்கு அவகாசம் தேவை. ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தால், வெளியேற வேண்டிய ஆவி உள்ளேயே தங்கி எல்லாவற்றையும் நமுக்கச் செய்துவிடும். நன்றாக ஆறிய பிறகும் சில பிஸ்கட்டுகள் யாரும் தொடாமலே விரிசல் விடுவதுண்டு. இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் லேசர் ஒளியைக் கொண்டு இதை அளந்து 2003இல் வெளியிட்டார்கள். ஆறும்போது விளிம்பு காற்றிலிருந்து ஈரம் வாங்கி விரிகிறது. நடுப்பகுதி ஈரம் இழந்து சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இழுபறி. கண்ணாடி வளையாதாகையால் முறிகிறது.

ரொட்டி விஷயத்தில் நான் ஒரு பாதி உண்மையைச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும். ரொட்டி கெட்டியாவது நீர் போவதால் மட்டும்தான் என்று பலகாலம் நானும் நினைத்திருந்தேன். பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1852லேயே இதைச் சோதித்துவிட்டார். நீர் வெளியேற வழியில்லாமல் மூடிவைத்த ரொட்டியும் கெட்டியானது! கெட்டியானதை 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கினார். அதில் இன்னும் கொஞ்சம் நீர் போயிற்று, ஆனால் ரொட்டி புதிதுபோல் மெத்தென்று ஆயிற்று. காரணம் மாச்சத்து. வேகும்போது ஒழுங்கு குலைந்த அதன் மூலக்கூறுகள், ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்குதான் கெட்டித்தன்மை. சூடாக்கினால் அது கலைகிறது. குளிர்பெட்டியில் வைத்த சோறு விறைப்பதும், சூடாக்கினால் மறுபடி மிருதுவாவதும் இதனால்தான். ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிப்பது தாமதமாகும். ஆனால் கெட்டியாவது விரைவாகும்.

ஆக, நமுத்த பிஸ்கட்டையும் கெட்டியான ரொட்டியையும் ஒரே சட்டியில் சூடாக்கலாம். ரொட்டியைச் சூட்டோடு தின்ன வேண்டும். பிஸ்கட்டை ஆறவிட்டுத் தின்ன வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. வாய் அகன்ற, மூடி இறுக்கமான மூன்று ஒரே மாதிரிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். மற்றொன்றில் தண்ணீர் தெளித்துச் சேறுபோல் குழைத்த சமையல் உப்பு. மூன்றாவதில் மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில. உப்புச் சேற்றுக்கு மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தில் நிலைத்து நிற்கும். ஆய்வுக்கூடங்களில் ஈரப்பதமானிகளைச் சரிபார்க்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். மழை நாளில் உப்பு ஜாடி கசிந்தால் காற்று 75ஐத் தாண்டிவிட்டது என்று அறியலாம். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சிறு தட்டின்மேல், நீரில் படாதபடி, எடைபோட்ட பிஸ்கட் ஒன்றை வையுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசில் ஆறு மணிக்கு ஒருமுறை எடை பார்த்து வரைபடம் போடுங்கள். கடையில் வாங்கியது ஒரு தொகுதி, வீட்டில் செய்தது ஒரு தொகுதி என்று வைத்தால் இன்னும் சுவை. நெய் அதிகம் சேர்த்த நான்கட்டாயும் நெய் குறைந்த கோதுமை பிஸ்கட்டும் ஒரே வேகத்தில் எடை ஏறுகின்றனவா என்று பாருங்கள். தண்ணீர்ப் புட்டியில் இருப்பதில் சில நாட்களில் பூசணம் பூக்கும். அதைத் தின்ன வேண்டாம்.